போர்ஷே 928-க்கு எதுக்கு அந்த வைஸாக் ஆக்சில்? வளைவுக்கு நடுவுல பிரேக் போட்டா பின்பக்கம் வீசுற கேஸ்

பின்சக்கர டிரைவ் வண்டியில வளைவுக்கு நடுவுல பிரேக் போட்டா பின்பக்கம் வீசும்னு பேச்சு வந்தாலே எல்லாரும் போர்ஷே 911-ஐ கை காட்டுவாங்க. எஞ்சின் பின் ஆக்சிலையும், அதாவது பின்சக்கரங்களோட அச்சையும் தாண்டி பின்னாடி தொங்குது, எடை முன்னாடி 40, பின்னாடி 60, வேற என்னதான் ஆகும்னு கேஸை அங்கயே மூடிடுவாங்க. எனக்கு அது பாதி பதிலாதான் படுது. ஏன்னா அதே கம்பெனி 1977 ஜெனீவா ஷோவுல 928-ஐ இறக்குச்சு, எஞ்சின் முன்னாடி, கியர்பாக்ஸ் பின்னாடி, எடை கிட்டத்தட்ட 50:50, 911 மேல என்னென்ன குறை சொன்னாங்களோ அதுல ஒண்ணும் இதுல கிடையாது, ஆனா வளைவுல ஆக்சிலரேட்டர்ல இருந்து கால் எடுத்தாலும் பிரேக் மிதிச்சாலும் பின்பக்கம் வீசக்கூடாதுன்னே ஒரு பின் சஸ்பென்ஷனை புதுசா யோசிச்சு மாட்டுனது அந்த 928-லதான். எடைதான் வில்லன்னா இந்த வேலை எதுக்கு?

மொதல்ல 911 பக்கத்தை முடிச்சிடலாம். 1963 பிராங்பர்ட் ஷோவுல வந்த வண்டி, ரெண்டு லிட்டர், ஆறு சிலிண்டர், 130 குதிரை, வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற தூரம், வெறும் 2211 மிமீ. டயர் நாலும் ஒரே சைஸ், இன்னைக்கு பார்த்தா ஹேட்ச்பேக் டயர் மாதிரி ஒல்லியா இருக்கும். பின்பக்கம் வீசுதுன்னு புகார் வந்தப்போ முதல்ல பண்ணுனது கொஞ்சம் சிரிப்பு வரவைக்கிற வேலை, முன் பம்பரோட ரெண்டு முனையிலயும் ஆளுக்கு 11 கிலோ வார்ப்பிரும்பு கட்டியை ஒளிச்சு வச்சு அனுப்புனாங்க. மூக்கு கனமாகுமாம். 1969 மாடல்ல கொஞ்சம் மரியாதையான வைத்தியம் நடந்துச்சு, எஞ்சினை அங்கயே விட்டுட்டு பின்சக்கரத்தை மட்டும் 57 மிமீ பின்னாடி தள்ளி வீல்பேஸை 2268 ஆக்குனாங்க, ஒரு பேட்டரிக்கு பதிலா ரெண்டு சின்ன பேட்டரியா பிரிச்சு முன்பக்க மூலைக்கு ஒண்ணா வச்சாங்க. அப்புறம் பின் டயரை அகலமாக்கிக்கிட்டே போனாங்க. இது எல்லாமே எடையையும் பிடிப்பையும் வச்சு விளையாடுற வைத்தியம். வேலை செஞ்சுச்சு, இல்லன்னு சொல்லல, ஆனா நோய் போகல.

ஏன் போகலன்னு பார்க்க ஒரு கணக்கு போடலாம், பெரிய கணக்கெல்லாம் இல்ல, கால்குலேட்டர் போதும். 1100 கிலோ வண்டின்னு வைங்க, எடை மையம் ரோட்டுல இருந்து அரை மீட்டர் உயரம், வீல்பேஸ் 2.27 மீட்டர், பின்னாடி 60 சதவீதம், அதாவது 660 கிலோ. டயர் பிடிப்பு 0.9, அதாவது மேல இருக்கற எடையில 0.9 பங்கு வரைக்கும் பிடிக்கும், பிரேக் விசையில 35 சதவீதம் பின்னாடி போகுது. வண்டி 0.7 ஜி-ல வளைஞ்சுக்கிட்டு இருக்கு (ஜி-ன்னா புவியீர்ப்பை ஒண்ணுன்னு வச்சு அளக்கறது), அப்போ பின் ஆக்சில் மட்டும் 462 கிலோ அளவுக்கு பக்கவாட்டு விசை கொடுத்தாகணும், கொடுத்தாத்தான் பின்பக்கம் பாதையில நிக்கும். இப்போ பிரேக் போடுறோம். பஸ்ல நின்னுக்கிட்டு போறப்போ டிரைவர் பிரேக் அடிச்சா எல்லாரும் முன்னாடி சாயுவோம்ல, அதே மாதிரி வண்டியோட எடையும் பின் டயர்ல இருந்து முன் டயருக்கு போகும். எவ்வளவு போகும்னா, எடையை பிரேக் ஜி-யால பெருக்கி, மைய உயரத்தால பெருக்கி, வீல்பேஸால வகுத்தா வந்துடும்.

0.3 ஜி பிரேக், அதாவது ஒரு சாதாரண மிதி, அப்போ 73 கிலோ முன்னாடி போயிடுது. பின்னாடி மிச்சம் 587, அதோட மொத்த பிடிப்பு 528. இதுல பிரேக்குக்கு 115 செலவாகுது. டயரோட பிடிப்பு ஒரே ஒரு பர்ஸ்தான், பிரேக்குக்கு எடுத்தா வளையறதுக்கு குறையும், ஆனா நேரா கழிக்கக்கூடாது, வர்க்கம் போட்டு கழிச்சு வர்க்கமூலம் எடுக்கணும், அப்படி பண்ணுனா பக்கவாட்டுக்கு 515 மிச்சம். தேவை 462. தப்பிச்சோம். இப்போ 0.5 ஜி மிதிங்க, வளைவுக்குள்ள மாடோ லாரியோ நிக்கறதை பார்த்து பயந்து மிதிக்கிற மிதி. 121 கிலோ முன்னாடி போச்சு, பின்னாடி 539, பிடிப்பு 485, பிரேக்குக்கு 192 போக பக்கவாட்டுக்கு மிச்சம் 445. தேவை இன்னும் அதே 462. பத்தல. பின்பக்கம் கிளம்பிடுச்சு. அதே நேரத்துல முன்பக்கம் எப்படி இருக்குன்னா எடை ஏறுனதால 356 கொடுக்க தெம்பு இருக்கு, தேவை 308தான், சந்தோஷமா கடிச்சுக்கிட்டு உள்ள திரும்புது. முன்னாடி பிடிக்குது பின்னாடி விடுது, இதுதான் வளைவு நடுவுல பிரேக் போட்டா வர்ற ஓவர்ஸ்டியர், வேற மர்மம் எதுவும் இல்ல.

சரி, இதே கணக்கை 50:50 வண்டிக்கு போடுங்க, வீல்பேஸையும் 928 மாதிரி 2.5 மீட்டர்னு நீட்டி, பின் பிரேக்கையும் 30 சதவீதமா குறைச்சு சலுகை கொடுத்தே போடுங்க. 0.5 ஜி பிரேக்ல பின்னாடி இருந்த 550 கிலோ 440 ஆகுது, பிடிப்பு 396, பிரேக்குக்கு 165 போக பக்கவாட்டுக்கு 360. தேவை 385. இதுவும் பத்தல, சொல்லப்போனா 911-ஐ விட கூடவே பத்தல. டயர் அகலம், உள்பக்கம் வெளிப்பக்கம் எடை மாறுறது எல்லாத்தையும் விட்டுட்டு போட்ட கணக்குதான், ஆனா திசை தப்பாது. பின்னாடி கனமான வண்டிக்கு பிரேக் போட்டாலும் பின் டயர்ல எடை மிச்சம் இருக்கும், 911 நேர் ரோட்டுல அவ்வளவு நல்லா நிக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். பின்ன 911 ஏன் பயமுறுத்துதுன்னா, வீச ஆரம்பிக்கறது ஒரு பக்கம் இருக்கட்டும், வீச ஆரம்பிச்சதுக்கு அப்புறம் நிறுத்துறதுதான் கஷ்டம், எஞ்சின் வால் நுனியில உக்காந்திருக்கறதால ஒருதடவ சுழற்சி கிளம்புச்சுன்னா அடக்க நிறைய விசையும் நேரமும் வேணும், வீல்பேஸ் சின்னதுங்கறதால நமக்கு நேரமும் இருக்காது.

அப்போ எடையை சரி பண்ணுனா மட்டும் போதாது. மிச்ச பாதி எங்க இருக்குன்னா, பின்சக்கரம் எந்தப் பக்கம் பார்க்குதுங்கறதுல.

இதை யாரும் சரியா பேசறதில்லன்னு எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. பின்சக்கரம் திரும்பாதுன்னு நாம நினைச்சுக்கிறோம், ஆனா அது திரும்பும், நம்ம கையில இல்லாம தானாவே திரும்பும். அந்தக் காலத்து 911, பிஎம்டபிள்யூ எல்லாத்துலயும் பின்னாடி செமி டிரெய்லிங் ஆர்ம், அதாவது சாய்வா வச்ச ஒரு கை, அதோட முன் முனையில ரப்பர் புஷ், பின் முனையில சக்கரம். பிரேக் போட்டா ரோடு டயரை பின்னாடி இழுக்குது, சக்கரம் கையோட வெளிப்பக்கம் இருக்கறதால அந்த இழுப்பு கையை முறுக்கப் பார்க்குது, ரப்பர் கொஞ்சம் விட்டுக் கொடுக்குது, சக்கரத்தோட முன் விளிம்பு வெளிய பார்க்க ஆரம்பிக்குது. டோ அவுட்னு சொல்றது இதைத்தான். வளைவுல எடை பூரா தாங்கிக்கிட்டு இருக்கறது வெளிப்பக்க பின்சக்கரம், அது வளைவுக்கு வெளிய பார்த்துச்சுன்னா பின்பக்கம் பூரா வெளிய போகத்தான் செய்யும். அளவு என்னவோ டிகிரில ஒரு பின்னம்தான், ஆனா ரோட்டு டயர் அதோட முழு பிடிப்பையும் கொடுக்கறதே சில டிகிரி கோணத்துக்குள்ளங்கறப்போ அரை டிகிரி ஒண்ணும் சின்ன விஷயம் இல்ல. இதுக்கு மேல பிரேக் போட்டதுல பின்பக்கம் தூக்கும், தூக்குனா சக்கரத்தோட சாய்வும் மாறி டயர் ரோட்டுல உக்கார்ற விதம் கெடும். ஆக எடை குறையற அதே நொடியில சக்கரமும் தப்பான பக்கம் பார்க்குது.

928-ல போர்ஷே இன்ஜினியருங்க இதைத்தான் பிடிச்சாங்க. அவங்க ஆராய்ச்சி மையம் இருக்கற ஊர் பேரையே வச்சு வைஸாக் ஆக்சில்னு பேரு. நம்ம விசாகப்பட்டினம் இல்ல, தெற்கு ஜெர்மனியில ஒரு சின்ன ஊரு. கையோட முன்பக்க புஷ் இருக்கற இடத்துல நேரடியா ரப்பரை வைக்காம ஒரு குட்டி லிங்க்கை, அதாவது இணைப்புக் கம்பியை, கோணம் பார்த்து வச்சாங்க. பிரேக் போட்டாலோ ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தாலோ சக்கரத்தை ரோடு பின்னாடி இழுக்கும்ல, அப்போ அந்த லிங்க் ஊசலாடி சக்கரத்தோட முன் விளிம்பை உள்பக்கம் இழுக்கும். எந்த விசை முன்ன டோ அவுட் பண்ணுச்சோ அதே விசையை வச்சே டோ இன் பண்ண வைக்கிறாங்க. சென்சார் இல்ல, கம்ப்யூட்டர் இல்ல, பிரேக் எவ்வளவு போடுறோமோ அவ்வளவுக்கு வெளிப்பக்க சக்கரம் வளைவுக்குள்ள பார்க்குது, பின்னாடி குறைஞ்ச எடைக்கு கொஞ்சம் ஈடு கிடைக்குது. அடுத்த வருஷம், 1978-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருது 928-க்கு கிடைச்சுச்சு, ஸ்போர்ட்ஸ் காருக்கு அந்த விருது கிடைக்கறதெல்லாம் நடக்கவே நடக்காத சமாசாரம்.

வேடிக்கை என்னன்னா 911-க்கு முழுசா புது மல்டிலிங்க் (ஒரே கைக்கு பதிலா பல லிங்க் வச்ச) பின் சஸ்பென்ஷன் வந்தது 1993-ல, 993-ங்கற 911 தலைமுறையிலதான். அதாவது ரொம்ப தேவைப்பட்ட வண்டி செமி டிரெய்லிங் ஆர்ம்லயே முப்பது வருஷம் ஓடுச்சு.

அந்த முப்பது வருஷத்துல கெட்ட பேரு பூரா வாங்கிக் கட்டிக்கிட்டது 930, அதாவது முதல் 911 டர்போ. 1975-ல மூணு லிட்டர் 260 குதிரை, 1978-ல 3.3 லிட்டர் 300 குதிரை, நாலே நாலு கியர். விதவை ஆக்குற வண்டின்னு பட்டப்பேரே வந்துடுச்சு. அந்த வண்டியில விபத்து எப்படி உருவாகும்னு பார்த்தா பிரேக்கும் டர்போவும் கூட்டு சேர்ந்த கதையா இருக்கும். வளைவுக்குள்ள போறீங்க, ஆக்சிலரேட்டர் மிதிக்கிறீங்க, ஒண்ணும் வரல, இன்னும் மிதிக்கிறீங்க, வரல, வளைவு நடுவுல பூஸ்ட், அதாவது டர்போ கொடுக்கற கூடுதல் சக்தி, மொத்தமா வந்து இறங்குது. எடை பின்னாடி சாஞ்சு மூக்கு லேசாகி வண்டி வெளிய அகலமா ஓடுது. மனுஷன் என்ன பண்ணுவான், ஐயோன்னு காலை எடுப்பான், பத்தலன்னா பிரேக்ல வைப்பான், ஸ்டியரிங்கையும் இன்னும் உள்ள திருப்பியிருப்பான். எடை மொத்தமா முன்னாடி வருது, ஏற்கனவே அதிகமா திருப்பி வச்ச முன்சக்கரம் திடீர்னு கடிக்குது, பின்சக்கரம் லேசாகி வெளிய பார்க்குது. முதல் தப்பு வேகம், ஆனா வண்டியை சுழற்றி விட்டது அந்த பயத்துல எடுத்த கால்.

இங்க இன்னொண்ணையும் சேர்த்துக்கணும், பின்சக்கர டிரைவ்ல காலை எடுக்கறதே ஒரு பிரேக்தான், அதுவும் பின்னாடி மட்டும் போடுற பிரேக். பிரேக் பெடல்ல மிதிச்சா பெரும்பகுதி முன்னாடி போகும், எஞ்சின் பிரேக்கிங் நூத்துக்கு நூறு பின் டயருக்கு போகும். வளைவுக்குள்ள கியரை குறைச்சு ஆக்சிலரேட்டர் கொடுத்து ஆர்பிஎம் ஏத்தாம கிளட்சை பட்டுன்னு விட்டீங்கன்னா மழை ரோட்டுல ஹேண்ட்பிரேக் இழுத்ததுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. ஊட்டி, ஏற்காடு, கொல்லிமலைன்னு இறங்குறவங்க இதை கவனிக்கணும், இன்னோவா கிறிஸ்டா, பொலிரோ, ஈக்கோ எல்லாமே பின்சக்கர டிரைவ்தான். இதுல கிறிஸ்டாவுக்கும் பொலிரோவுக்கும் பின்னாடி ஒரே தண்டு ஆக்சில், அதனால நான் மேல சொன்ன ரப்பர் முறுக்கிக்கிற டோ கதை அப்படியே பொருந்தாது, ஆனா ஆள் இல்லாம காலியா இறங்குற உயரமான வண்டியில எடை முன்னாடி பாயறது இன்னும் அதிகம். இறக்கத்துல செகண்ட் கியர்ல போங்கன்னு எழுதி வச்சிருக்கறது சரியான யோசனைதான், கொண்டை ஊசிக்கு முன்னாடியே செகண்டுக்கு வந்துடணும், அதுக்குள்ள போயிட்டு மாத்தக்கூடாது.

சரி வீச ஆரம்பிச்சாச்சு, என்ன பண்றது. முதல்ல பழைய வண்டி, பிரேக் போடறப்போ சக்கரம் பூட்டாம பார்த்துக்கற ஏபிஎஸ் இல்ல ஒண்ணும் இல்ல. பிரேக் போட்டதால வீசுதுன்னா பிரேக்கை தளர்த்தணும், ஆனா பட்டுன்னு விட்டுட்டா முன்னாடி போன எடை ஸ்பிரிங்ல இருந்து ஒரே அடியா திரும்பி பின்னாடி அடிக்கும், அதனால விரல் விரலா தூக்கற மாதிரி விடணும். கண்ணு போகவேண்டிய பக்கம், கை பின்பக்கம் எந்தப் பக்கம் வீசுதோ அந்தப் பக்கம் ஸ்டியரிங். அப்புறம் ஆக்சிலரேட்டர்ல கொஞ்சூண்டு, வண்டி வேகம் பிடிக்கறதுக்கு இல்ல, எஞ்சின் பின் டயரை இழுக்காம இருக்கற அளவுக்கு மட்டும். 911 ஓட்டுறவங்க வளைவுல காலை எடுக்காதன்னு சொல்றது இதைத்தான், அதை கேட்டுட்டு நிறைய பேர் நல்லா மிதிச்சுடறாங்க, பின்சக்கர டிரைவ்ல அப்படி மிதிச்சா பவர் ஓவர்ஸ்டியர் வந்து இன்னும் வேகமா சுத்தும்.

உண்மையில நிறைய பேர் மாட்டறது முதல் வீச்சுல இல்ல, ரெண்டாவதுல. எதிர் ஸ்டியரிங் கொடுத்தாச்சு, பின் டயர் திரும்ப பிடிச்சிடுச்சு, ஆனா கை இன்னும் திருப்பின இடத்துலயே நிக்குது, வண்டி அடுத்த பக்கம் முதல் தடவையை விட வேகமா வீசிட்டு போய் எதிர் லேன்ல நிக்கும். அதனால பின்பக்கம் திரும்பி வர ஆரம்பிக்கறப்பவே, வந்து சேர்றதுக்கு முன்னாடியே, ஸ்டியரிங்கை நேரா கொண்டு வந்துடணும். எழுதறது சுலபம், தண்ணி ஊத்தின காலி மைதானத்துல குறைஞ்ச வேகத்துல தெரிஞ்சவங்க பக்கத்துல இருக்க பழகாம இது கைக்கு வராது. வண்டி பாதிக்கு மேல சுத்திடுச்சு, இனி பிடிக்க முடியாதுன்னா ரெண்டு காலும் கீழ, கிளட்சும் பிரேக்கும் முழுசா. பூட்டின சக்கரம் வண்டி எந்தப் பக்கம் போயிட்டிருக்கோ அந்தப் பக்கமே நேரா வழுக்கும், திடீர்னு பிடிப்பு வந்து எதிர்ல தூக்கி அடிக்காது.

ரேஸ் ஓட்டுறவங்க இதே எடை மாற்றத்தை வேணும்னே பண்ணுவாங்க, நேர்ல போட்ட பிரேக்கை வளைவுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே நுழைவாங்க, முன்பக்கம் கனமா இருக்கறதால மூக்கு சுலபமா திரும்பும். அங்க பிரேக் குறைஞ்சுக்கிட்டே போகுது, ஸ்டியரிங் ஏறிக்கிட்டே போகுது. பயந்து மிதிக்கறப்போ ஸ்டியரிங் ஏற்கனவே முழுசா இருக்கு, அதுக்கு மேல பிரேக் ஏறுது. டயருக்கு இந்த வரிசைதான் முக்கியம். அதனால வளைவுக்குள்ள நிறுத்தியே ஆகணும்னா, இடம் இருந்தா முதல்ல ஸ்டியரிங்கை ஒரு நொடி நேராக்கி நல்லா பிரேக் போட்டு வேகத்தை கொன்னுட்டு அப்புறம் திருப்பறதுதான் பழைய வண்டிக்கு நல்லது.

இப்போ வர்ற வண்டிக்கு இந்த அறிவுரை எல்லாம் அப்படியே எடுத்துக்காதீங்க, அங்கதான் குழப்பமே. 1995-ல மெர்சிடிஸ் எஸ் 600 கூபேயில பாஷ் கம்பெனியோட இஎஸ்பி, அதாவது வண்டி சுத்திடாம பார்த்துக்கற எலக்ட்ரானிக் ஏற்பாடு, வந்ததுல இருந்து வண்டியே பார்த்துக்குது, நீங்க ஸ்டியரிங்ல கேக்கற அளவை விட வண்டி அதிகமா சுத்துதுன்னா வெளிப்பக்க முன்சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு சுழற்சியை எதிர்ப்பக்கம் இழுக்கும். சில வண்டியில வளைவுல பிரேக் போட்டா உள்பக்க சக்கரத்தோட பிரஷரை குறைச்சு அதே வேலையை இன்னும் முன்னாடியே செய்யும். அந்த மாதிரி வண்டியில அவசரம்னா பிரேக்கை முழுசா மிதிச்சு போகவேண்டிய பக்கம் ஸ்டியரிங்கை பிடிங்க, நடுவுல விரல் விரலா விடறேன் பேர்வழின்னு நிறுத்துற தூரத்தை கூட்டிக்காதீங்க. ஆனா வெறும் ஏபிஎஸ் மட்டும் இருக்கற வண்டியை இதோட சேர்க்கக்கூடாது. இந்தியாவுல 2019 ஏப்ரல்ல இருந்து புது கார் எல்லாத்துக்கும் ஏபிஎஸ் கட்டாயம், அது சக்கரம் பூட்டறதை தடுக்கும், மேல போட்ட கணக்குல பின்னாடி எடை குறையறதை அதால தடுக்க முடியாது, கிளட்சை பட்டுன்னு விட்டு எஞ்சின் பின் டயரை பூட்டறதும் பிரேக் லைன்ல நடக்கற சமாசாரம் இல்லங்கறதால சாதாரண ஏபிஎஸ் அதுல ஒண்ணும் பண்ணாது.

அதே மாதிரி டயர். ரெண்டு டயர்தான் புதுசா வாங்க முடியும்னா நம்ம ஊர்ல பெரும்பாலும் முன்னாடி மாட்டிடுவாங்க, ஸ்டியரிங் அங்கதானே இருக்குன்னு. மேல போட்ட கணக்குல 0.9 பிடிப்பை முன்னாடி அப்படியே வச்சுட்டு பின்னாடி மட்டும் 0.8-னு மாத்தி பாருங்க, தேஞ்ச டயர் ஈர ரோட்டுல இதை விட மோசமாவே இருக்கும், 911 உதாரணத்துல 0.5 ஜி எல்லாம் வேண்டாம், 0.3 ஜி மிதியிலயே பக்கவாட்டுக்கு 455தான் மிச்சம், தேவை 462. புது டயரை பின்னாடி போட சொல்லுங்க, கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பாரு, பரவாயில்ல.